எஸ்யூவி பின்னால் ஒரு குட்டி வீடு: கேள்வி பதில்

எட்டு வருடமாக டொயோட்டாவின் வி6 (ஆறு சிலிண்டர்) ஹைலேண்டர் எஸ்யூவியில் 17 அடி டிராவல் ட்ரெய்லர் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு அமெரிக்காவில் திரிகிறோம். வாங்கப்போகும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

டல்லஸிலிருந்து: என் ஹோண்டா பைலட் (நான்கு சக்கரத்துக்கும் பலம் போகும் ஏடபிள்யூடி) 5,000 பவுண்டு இழுக்கும். டீலர் காட்டிய ட்ரெய்லர் 3,400 பவுண்டுதான். அப்புறம் என்ன யோசனை?

3,400 என்பது காலி ட்ரெய்லர். கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர், பாத்திரம், மெத்தை விரிப்பு எல்லாம் ஏறினால் 4,200 ஆகிவிடும். 30 கேலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு.

அதைவிட முக்கியமான எண் ஒன்று உங்கள் வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச் (வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் அழுத்தும் எடையும் (டங் வெயிட் என்பார்கள்) இந்தக் கணக்கில்தான் வரும். அது ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்.

உங்கள் ஸ்டிக்கரில் 1,400 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4,200க்கு 12 சதவீதம் என்றால் மூக்கில் சுமார் 500. நீங்கள் இருவரும் 330, குழந்தைகள் இருவரும் 130, ஹிட்ச் 80, டிக்கியில் சாமான் 150. மொத்தம் 1,190. சரி, பரவாயில்லை. கோடையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வருவார்கள், இன்னொரு 280. 1,470 ஆகிவிட்டது. இழுவையில் இன்னும் 800 பவுண்டு மிச்சம் இருக்கிறது, ஆனால் வண்டியின் முதுகு தாங்காது. இந்த அளவு எஸ்யூவிகளில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் பேலோட்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இழுவை எண்ணை.

டீலரிடம் போகும் முன் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: ஹிட்சும் 4 பின் வயரிங்கும் ஏற்கெனவே இருக்கிறது. போதுமா அண்ணா?

சைக்கிள் ரேக்குக்கும் சின்ன சரக்கு ட்ரெய்லருக்கும் போதும். 4 பின் விளக்குகளுக்கு மட்டும்தான். ட்ரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால் 7 பின் வேண்டும். பிரேக்குக்கு ஒரு கம்பி, பேட்டரி சார்ஜுக்கு ஒன்று, ரிவர்ஸ் விளக்குக்கு ஒன்று அதில் கூடுதலாக வரும். எனக்கு ஹிட்ச் மாட்டிய கடைக்காரர் 4 பின் போட்டுவிட்டு "எல்லாம் ரெடி" என்றார். ட்ரெய்லர் எடுக்கப் போன அன்றுதான் விஷயம் தெரிந்தது. ஹிட்ச் ரிசீவரும் (ஹிட்ச் நுழையும் சதுரக் குழாய்) 2 அங்குலமா என்று பாருங்கள். 1¼ அங்குலம் என்றால் இந்த வேலைக்கு ஆகாது.

அதே நண்பர்: பிரேக் கன்ட்ரோலரில் எதை வாங்க?

ட்ரெய்லரின் மின்சார பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கருவி அது. டைமர் வகை விலை குறைவு. ஆனால் நீங்கள் மெதுவாக மிதித்தாலும் பதறி மிதித்தாலும் அது ஒரே மாதிரிதான் பிடிக்கும். புரபோர்ஷனல் வகை வண்டி எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதை உணர்ந்து அதற்கேற்றாற்போல் ட்ரெய்லரைப் பிடிக்கும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

மாட்டியதும் காலியான சமதள இடத்தில் 25 மைல் வேகத்தில் போய், காலை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அளவைக் கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் குறையுங்கள். சுமை மாறினால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயமா?

மூக்கு எடை பின்னால் இறங்கினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். இந்த ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகள் அந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும். ஆனால் பேலோட் இதனால் அதிகமாகாது. அதிகமாகும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் இதை வேண்டாம் என்கின்றன, சில குறிப்பிட்ட எடைக்கு மேல் கட்டாயம் என்கின்றன. உங்கள் வண்டிக் கையேடு சொல்வதே முடிவு.

பீனிக்ஸிலிருந்து: லாரி தாண்டும்போது ட்ரெய்லர் வால் ஆட்டுகிறது. ஸ்வே பார் (ஆட்டத்தை அடக்கும் கம்பி) வாங்கினால் நிற்குமா?

முதலில் சாமானை இடம் மாற்றிப் பாருங்கள். முதல் வருடம் நாங்கள் ஐஸ் பெட்டி, 7 கேலன் தண்ணீர் கேன் இரண்டு, கூடவே கிரைண்டர் (ஆமாம், காட்டுக்குள்ளும் இட்லி), எல்லாவற்றையும் பின்கோடியில் வைத்துவிட்டோம். 18 சக்கர லாரி ஒன்று தாண்டியது. முதலில் மெல்ல ஒரு அசைவு, அடுத்தது பெரிது, அதற்கடுத்தது வண்டியையே இழுத்தது. பிரேக்கை ஓங்கி மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதித்தால் ட்ரெய்லர் மடங்கிக்கொண்டு வரும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, கன்ட்ரோலர் கைப்பிடியை அழுத்தினேன். ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேரானது. என் மனைவி அடுத்த ரெஸ்ட் ஏரியா வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கேயே சாமானை எல்லாம் அச்சுக்கு முன்னால் மாற்றினோம், ஆட்டம் போய்விட்டது. மூக்கு லேசாக இருந்தால் ட்ரெய்லர் ஆடத்தான் செய்யும். சாமானில் 60 சதவீதமாவது அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். லாரி நிற்கும் பெட்ரோல் பங்குகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். சிறு கட்டணத்துக்கு ஒவ்வொரு அச்சின் எடையும் தனித்தனியாகத் தெரியும். ஸ்வே பார் அதற்கப்புறம்.

டென்வரிலிருந்து: ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே மலை ஏற வி6 தாங்குமா?

அந்த வழியில் வரும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடி உயரத்துக்கு மேல். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பலம் இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். வலது லேனில் 40இல் ஏறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி கூலர் இருக்கிறதா என்று பாருங்கள். டோ பேக்கேஜ் (இழுப்பதற்கென்று கம்பெனி போட்டுத் தரும் கூடுதல் பாகங்கள்) இல்லாத வண்டியில் பெரும்பாலும் இருக்காது. இறங்கும்போது முன்கூட்டியே கியரைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள்.

மைலேஜ்?

பாதி.

சான் ஹோசேயிலிருந்து: பழைய ட்ரெய்லர், டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ஓட்டலாமா?

ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்னாலேயே வயதாகிச் சாகும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும்: 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ட்ரெய்லருக்கென்றே வரும் எஸ்டி டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே ஆனவை. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் சட்டமே 55தான்.

ரிவர்ஸ் எடுக்கவே பயமாக இருக்கிறது.

கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வையுங்கள். கை போகும் பக்கம் ட்ரெய்லரின் வால் போகும். பழகிப் பார்க்க ஞாயிறு காலை கோயில் பார்க்கிங்குக்குப் போகாதீர்கள், செவ்வாய்க்கிழமை போங்கள்.