ரெக்கார்ட் பிளேயர் யார் அறையில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 22 வயது. ஸ்காபரோவில் பெற்றோருடன் வசிக்கிறேன். பழைய ராக் இசையோடு ராப் குரல்களைப் பொருத்தி மாஷப் செய்கிறேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த புதிதில் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகளிலிருந்துதான் இசையை எடுக்கிறேன். ஒரு தட்டில் நான்கு விநாடி டிரம்ஸ் கிடைத்தாலே போதும். ரெக்கார்ட் பிளேயரை பேஸ்மென்டில் உள்ள என் அறைக்குக் கொண்டுவந்து எட்டு மாதமாகிறது. அப்பா இப்போதெல்லாம் பாட்டே கேட்பதில்லை. ஆனால் நான் செய்வதைக் 'களவு' என்கிறார். இதே போன்ற மாஷப்பான, இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸின் 'தி கிரே ஆல்பம்' பற்றி எடுத்துச் சொல்லியும் பயனில்லை. இது கலை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, ரெக்கார்ட் பிளேயர் எட்டு மாதமாக உங்கள் அறையில் இருக்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அப்பா பாட்டு கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் கேட்பார்?

மாஷப் கலையா களவா என்ற வழக்கைப் பிள்ளைகளும் பெற்றோரும் மாறி மாறி எனக்கு எழுதிவிட்டார்கள். கலைதான், அதில் எனக்கு ஐயமில்லை. பழைய ராக் டிரம்மர்கள் பெரும்பாலும் மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவி இல்லாமல் வாசித்தவர்கள் என்பதால் வேகம் பாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கும். அதை அடக்கி, ராப் குரல் விழவேண்டிய தாளத்தில் விழவைத்து, சுருதியும் முரண்படாமல் பார்த்துக்கொள்வது காதுள்ளவர் செய்யும் வேலை. ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினை அதுவல்ல.

'தி கிரே ஆல்பம்' கதையை அப்பாவிடம் எதுவரை சொன்னீர்கள்? ராப் பாடகர் ஜே-சீயின் 'தி பிளாக் ஆல்பம்' குரல்களை பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு 'ஒயிட் ஆல்பம்' துணுக்குகளோடு டேஞ்சர் மவுஸ் பொருத்தியதையும், பீட்டில்ஸ் ஒலிப்பதிவின் உரிமையை வைத்திருந்த இ.எம்.ஐ. நிறுவனம் அதைத் தடுக்க முயன்றதையும், 2004 பிப்ரவரி 24 அன்று பல இணையத்தளங்கள் ஒன்றுசேர்ந்து அதை இலவசமாகக் கொடுத்ததையும் வீரக்கதை போலச் சொல்லியிருப்பீர்கள். ஜே-சீயின் குரல் இசை நீக்கித் தனியே வெளியிடப்பட்டிருந்தது என்பதையும், அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்டது பீட்டில்ஸின் இசை என்பதையும் சொன்னீர்களா? அதாவது ஒரு பாதி கொடுத்தது, மறுபாதி எடுத்தது. உங்கள் வீட்டிலும் எடுத்த பாதி யாருடையது என்று யோசியுங்கள். தட்டுகளை எடுக்க அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

1986இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினர் ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் பழைய பாட்டொன்றைத் தாங்களும் பாடி வெளியிட்டார்கள். அதற்கு முன்பு அந்தத் தட்டின் தொடக்க டிரம்ஸை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் ராப் செய்தவர்கள் அவர்கள்; முழுப் பாட்டையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. உங்கள் நான்கு விநாடியைப் போலத்தான். தயாரிப்பாளர் ரிக் ரூபின்தான் முழுப் பாட்டையும் செய்யவைத்தார். ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலரும் ஜோ பெரியும் ஸ்டூடியோவுக்கே வந்து பாடி, கிட்டார் வாசித்தார்கள். தட்டின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. உங்கள் தட்டுகளின் சொந்தக்காரர் மேல்மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், நீங்களோ கீழே ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்.

வந்த புதிதில், கையில் காசில்லாத நாட்களில், ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு ஒருவர் இசைத்தட்டு வாங்கினார் என்றால், அது அவர் தனக்கென்று செய்துகொண்ட மிகச் சில செலவுகளில் ஒன்றாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட அப்பாக்கள் பிள்ளை எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தா என்று கேட்க மாட்டார்கள், கேட்பது மானக்குறைவு. வேறு எதையாவது பிடித்துக்கொண்டு 'களவு' என்பார்கள். அவர் சொன்னது இ.எம்.ஐ.யின் உரிமையைப் பற்றி என்று எடுத்துக்கொண்டு எட்டு மாதமாக வாதாடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா? பெற்றோரின் கூரையின்கீழ் இருக்கும் பிள்ளை, அவர்கள் பொருளைத் தொடுமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதில் நான் பழைய ஆள்தான், மாறுவதாக இல்லை.

இன்றைக்கே பிளேயரையும் ஒலிபெருக்கிகளையும் மேலே கொண்டுபோய், முன்பு இருந்த இடத்தில் வையுங்கள். வயர்களை அவரே இணைக்கட்டும், உதவி செய்கிறேன் என்று கையை நீட்டாதீர்கள். எந்தத் தட்டு என்பதையும் அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் ஒரு பக்கம் முடியும்வரை கைப்பேசியை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் மாஷப் பற்றி அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டாம். நீங்கள் வெட்டியெடுத்த அந்த நான்கு விநாடி நடுவில் வந்தால், அவர் உங்கள் பக்கம் திரும்புகிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.