சுமைலா சிசே: மூன்று முறை இரண்டாம் இடம் வந்தவர் (கேள்வி பதில்)

மேற்கு ஆப்பிரிக்க அரசியல் என்றாலே ராணுவப் புரட்சியில் ஆரம்பித்து ராணுவப் புரட்சியிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நடுவில் தேர்தலில் நின்று, தோற்று, மறுபடியும் நின்றவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. மாலி நாட்டின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து 2020-ல் இறந்த சுமைலா சிசேயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சேலம் வாசகர்: ஆள் யார்? அரசியலுக்கு எப்படி வந்தார்?

1949 டிசம்பரில் பிறந்தவர். வடக்கே திம்புக்து பகுதிக்காரர். நைஜர் ஆற்றங்கரையில் உள்ள நியாஃபுங்கேதான் கடைசிவரை அவருடைய கோட்டை. செனகல் தலைநகர் டக்காரில் படித்து, பிரான்சில் மோன்பெல்யே நகரில் கணினிப் பொறியியல் முடித்து, ஐபிஎம் உட்படச் சில பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தார். 1984-ல் ஊர் திரும்பி அரசின் பருத்தி நிறுவனத்தில் சேர்ந்தார். மாலிக்குப் பருத்தியும் தங்கமும்தான் சோறு போடுகின்றன. அதனால் அந்த நிறுவனத்தில் அதிகாரி என்றால் நாட்டின் பொருளாதாரத்தை உள்ளேயிருந்து பார்த்தவர் என்று அர்த்தம்.

1991 மார்ச்சில் சர்வாதிகாரி மூசா திராவோரேயின் 23 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் அதேமா கட்சியின் அல்பா உமர் கொனாரே ஜெயித்தார். சிசே அதிபர் மாளிகையின் தலைமைச் செயலாளரானார், 1993-ல் நிதி அமைச்சர். மேடையில் முழங்கி வளர்ந்தவர் இல்லை, கோப்பு பார்த்து வளர்ந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

பொருளாதார மாணவி, திருச்சி: 1994-ல் நாணய மதிப்பைப் பாதியாகக் குறைத்தது அவர்தானா?

அவர் தனியாக எடுத்த முடிவு இல்லை. அந்த அதிகாரமும் அவர் கையில் இல்லை. சேஃபா பிராங்க் பல நாடுகளுக்குப் பொதுவான நாணயம், அப்போது பிரெஞ்சு பிராங்கோடு கட்டப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 சேஃபா. 1994 ஜனவரியில் ஒரே இரவில் அது 100 ஆனது. அந்த நேரத்தில் மாலியின் நிதி அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சிசே.

நகரத்தில் இருந்தவனுக்கு அது இடி. மருந்து, சர்க்கரை, பெட்ரோல் என இறக்குமதியாகும் எல்லாமே விலை ஏறின, சம்பளம் ஏறவில்லை. பருத்தி விவசாயிக்கோ வெளிநாட்டில் டாலருக்கு விற்ற சரக்குக்குக் கைக்கு வரும் சேஃபா கூடியது. பருத்தி விளைச்சலும் அடுத்த ஆண்டுகளில் நன்றாக ஏறியது. மாணவர் கலவரம் வேறு. 1993 ஏப்ரலில் ஒரு பிரதமரும் 1994 பிப்ரவரியில் இன்னொரு பிரதமரும் ராஜினாமா செய்தார்கள். அந்தக் குழப்பத்தில் கஜானாவைத் தாங்கிப் பிடித்தவர் என்ற பெயர் சிசேக்கு வந்தது. தலைநகர் பமாகோவில் விலைவாசியோடு சேர்த்து நினைக்கப்பட்ட பெயரும் அவருடையதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். உலக வங்கிக்காரர்கள் பாராட்டிய நிதி அமைச்சருக்கு உள்ளூரில் ஓட்டு விழுவது எங்கேயும் சுலபம் இல்லை.

மதுரை வாசகர்: கெய்தாவும் இவரும் ஜென்மப் பகைவர்கள் என்கிறார்களே?

பகைவர்கள் என்பதைவிடப் பங்காளிகள் என்று சொல்லலாம். இப்ராஹிம் பூபக்கர் கெய்தா (மாலியில் எல்லோருக்கும் 'இபேகா') 1994 முதல் 2000 வரை பிரதமர், பின்னாளில் அதிபர். அவருடைய அமைச்சரவையில் நிதி அமைச்சர் சிசே. இருவரும் ஒரே கட்சி. கொனாரேக்குப் பிறகு யார் என்ற போட்டியில் கெய்தா வெளியேறி 2001-ல் தனிக்கட்சி கண்டார். 2003-ல் சிசேயும் வெளியேறி 'குடியரசு மற்றும் ஜனநாயக ஒன்றியம்' தொடங்கினார். ஆக, பின்னாளில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே ஒரே வீட்டிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு வந்தவைதான்.

அதே வாசகர்: ஆளுங்கட்சி வேட்பாளராக இருந்தும் 2002 அதிபர் தேர்தலில் எப்படித் தோற்றார்?

எதிரே நின்றவரைப் பாருங்கள். அமதூ துமானி தூரே, 1991-ல் சர்வாதிகாரியைக் கவிழ்த்து, சொன்னபடி அடுத்த ஆண்டே ஆட்சியைச் சிவில் அரசிடம் கொடுத்துவிட்டுப் போன ராணுவத் தளபதி. அப்படிப்பட்டவர் பத்து வருடம் கழித்து ஓட்டுக் கேட்டு வந்தால்?

அதோடு சிசேயின் சொந்தக் கட்சியே முழுதாக அவர் பின்னால் இல்லை. பதவியிலிருந்த பிரதமர் மாந்தே சிதிபே ராஜினாமா செய்துவிட்டுத் தானும் வேட்பாளராக நின்றார்! முதல் சுற்றில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்றது. கடைசியில் சிசே இரண்டாவது, கெய்தா சில ஆயிரம் வாக்குகளில் மூன்றாவது. கெய்தா ஆட்கள் நொந்துபோய் தூரேயை ஆதரித்தார்கள். இரண்டாம் சுற்றில் தூரேக்கு 65 சதவீதம், சிசேக்கு 35.

பெயர் வேண்டாம் என்றவர்: பிறகு பத்து வருடம் என்ன செய்தார்?

2004 முதல் 2011 வரை எட்டு நாடுகள் அடங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்தின் ஆணையத் தலைவர். இருப்பிடம் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வகதுகு. அவர் கட்சி 2007-ல் தூரேயின் மறுதேர்தலை ஆதரித்தது.

சென்னை வாசகர்: 2013-ல் தோல்வியை அவரே போய் ஒப்புக்கொண்டது உண்மையா?

உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லாமல் அதைச் சொன்னால் பாதிக் கதைதான்.

2012 ஏப்ரல் 29-ல் அதிபர் தேர்தல் நடக்க வேண்டும். முன்னணி வேட்பாளர்களில் சிசே ஒருவர். மார்ச் 22-ல் கேப்டன் சனோகோ தலைமையில் ராணுவப் புரட்சி. வடக்கே திம்புக்து உட்படப் பாதி நாடு ஆயுதக் குழுக்கள் கையில் போனது. சிசே புரட்சியை வெளிப்படையாக எதிர்த்தார். ஏப்ரலில் சிப்பாய்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து பிடித்துப் போனார்கள். காயத்தோடு தப்பியவர் சிகிச்சைக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. கெய்தாவோ ராணுவத்தோடு மோதாமல் நடந்துகொண்டார். ராணுவ முகாம்களில் அவருக்கு நல்ல பெயர்.

தள்ளிப்போன அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று 2013 ஆகஸ்டில். அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன்பே சிசே மனைவி, பிள்ளைகளோடு கெய்தாவின் வீட்டுக்கு நேரே போய் வாழ்த்தினார். கணக்கு வந்தபோது கெய்தாவுக்கு 77.6 சதவீதம். இவ்வளவு வித்தியாசத்தில் தோற்றால் ஒப்புக்கொள்வதில் என்ன பெருமை என்று கேட்கலாம். முந்தைய வருடம் துப்பாக்கி வீட்டுக்குள் வந்த நாட்டில், ஒரு முழு நாள் பதற்றத்தை அந்த ஒரு கார் பயணம் மிச்சப்படுத்தியது. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

கோவை வாசகர்: எதிர்க்கட்சித் தலைவராக உருப்படியாக என்ன செய்தார்?

2013 இறுதியில் நியாஃபுங்கே உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். 147 இடங்களில் அவர் கட்சிக்கு 17, கெய்தா கட்சிக்கு 66. பழைய அதேமாவும் அரசுப் பக்கம் போய்விட்டதால் எதிர்வரிசையில் பெரிய கட்சி இவருடையதே. பின்னர் எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குச் சட்ட அந்தஸ்தும் அலுவலகமும் அரசு நிதியும் வந்தன. அரசிடம் காசு வாங்கிக்கொண்டு அரசை எப்படி எதிர்ப்பார் என்று கேலி செய்தவர்கள் உண்டு.

அவருக்குக் கைவந்தது கணக்குக் கேட்பது. 2014-ல் கெய்தாவுக்குச் சுமார் 4 கோடி டாலரில் தனி விமானம் வாங்கிய விவகாரம் வெடித்தது. பன்னாட்டு நிதியமே உதவியை நிறுத்திவைத்தது. முன்னாள் நிதி அமைச்சருக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா? வீதியில் கிடைத்த வெற்றி என்றால் 2017. அரசியல் சட்டத் திருத்தத்துக்கான பொதுவாக்கெடுப்பை எதிர்த்துக் கூட்டம் திரண்டு, கெய்தா அதைத் தள்ளிவைத்தார். ஆனால் அந்தக் கூட்டத்தைச் சேர்த்ததில் இளைஞர் அமைப்புகளுக்கும் வானொலிப் பேச்சாளர்களுக்கும் பெரிய பங்கு. சிசே அவர்களோடு நின்றார் என்பதே சரி.

ஈரோடு வாசகர்: 2013-ல் வாழ்த்தியவர் 2018-ல் மோசடி என்று கத்தினாரே. இரட்டை வேடம்தானே?

கடுமையான கேள்வி. 2018 அதிபர் தேர்தலில் பாதுகாப்பு இல்லாமல் நூற்றுக்கணக்கான வாக்குச்சாவடிகள் திறக்கவே இல்லை. இரண்டாம் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு மக்கள்தான் வாக்களித்தார்கள். கெய்தாவுக்கு 67, சிசேக்கு 33 சதவீதம். போலி வாக்குகளைக் கழித்தால் ஜெயித்தது நானே என்றார் சிசே. ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் முறைகேடுகள் உண்டு, மோசடியைப் பார்க்கவில்லை என்றார்கள்.

என் கணிப்பு: குளறுபடி நிஜம், ஆனால் முடிவைப் புரட்டிப்போடும் அளவுக்கு என்று நம்புவது கஷ்டம். அவரைத் தோற்கடித்தது வேறு. முதல் சுற்றில் மூன்றாம், நான்காம் இடம் வந்த இருவருமே அவரை ஆதரிக்க மறுத்தார்கள். கெய்தா வேண்டாம் என்றவர்களுக்கும் சிசே 'அதே பழைய ஆள்' ஆகத் தெரிந்தார்.

பலர் கேட்டது: கடத்தல் விவரம் சொல்லுங்கள்.

2020 மார்ச் 25. நாடாளுமன்றத் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, நியாஃபுங்கே பக்கம் கிராமம் கிராமமாகப் பிரசாரம் போய்க்கொண்டிருந்த சிசேயின் வாகனங்களை ஆயுதக்காரர்கள் மறித்தார்கள். மெய்க்காப்பாளர் கொல்லப்பட்டார். கூட இருந்தவர்களைச் சில நாட்களில் விட்டுவிட்டார்கள், அவரை மட்டும் விடவில்லை. மாலியில் முதல் கொரோனா தொற்று அறிவிக்கப்பட்டதும் அதே மார்ச் 25-தான்.

அவர் கைதியாக இருக்கும்போதே தொகுதி மக்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்தல் முடிவுகளில் 31 இடங்களை நீதிமன்றம் மாற்றியதும் பமாகோ கொதித்தது. இமாம் மஹ்மூத் டிக்கோ அழைப்பில் ஜூனிலிருந்து பெருங்கூட்டம். ஆகஸ்ட் 18-ல் ராணுவம் கெய்தாவைக் கவிழ்த்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த அரசு விழுந்தபோது, அவர் பாலைவனத்தில் பிணைக்கைதி. அக்டோபர் 8-ல் பிரெஞ்சு உதவிப் பணியாளர் சோஃபி பெத்ரோனின், இரண்டு இத்தாலியர்களோடு விடுவிக்கப்பட்டார். பதிலுக்குச் சுமார் 200 பேரைச் சிறையிலிருந்து அரசு விட்டது. தன்னை அடிக்கவோ திட்டவோ இல்லை என்றே அவர் சொன்னார்.

அடுத்த தேர்தலில் அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 25-ல் பாரிஸ் அருகே ஒரு மருத்துவமனையில் கொரோனாவால் இறந்தார். வயது 71.

புதுச்சேரி வாசகர்: செனகலின் வாத் நான்கு முறை தோற்றும் 2000-ல் ஜெயித்தார். சிசேயால் ஏன் முடியவில்லை?

அப்துலாயே வாத், கினியாவின் அல்பா கோந்தே, ஐவரி கோஸ்ட்டின் லாரான் பாக்போ ஆகிய மூவரும் சிறை பார்த்தவர்கள், ஆட்சியில் இருப்பவனுக்கு எதிரி என்றே பெயர் வாங்கியவர்கள். சிசே பதவியிலிருந்து எதிர்ப்புக்கு வந்தவர். அவர் குறை சொன்ன அமைப்பைக் கட்டியதில் அவர் கையும் இருந்தது என்பது மக்களுக்குத் தெரியும். ஆட்சி கொடுத்திருந்தால் கெய்தாவைவிடச் சுத்தமாக நடத்தியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். ஓட்டு வாங்கும் வித்தை தனி.

கடைசியாக, தூத்துக்குடி வாசகர்: அவர் கட்சி இப்போது?

அவருக்குப் பின் தலைமைச் சண்டையில் பிளந்தது. 2022-க்குத் திட்டமிட்ட அதிபர் தேர்தல் நடக்கவில்லை. 2025 மே மாதம் ராணுவ அரசு மாலியின் எல்லா அரசியல் கட்சிகளையும் கலைத்துவிட்டது. அதில் சிசேயின் கட்சியும் போனது, கெய்தாவின் கட்சியும் போனது, இருவரும் கிளம்பி வந்த அதேமாவும் போனது.