கொழும்புக்கு முதியோர் ஆய்வு வேலைக்கு வரும் தம்பிக்கு

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புள்ளியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டாராம். முதுமையும் உடல்நலமும் பற்றி ஆராயும் கொழும்புக் குழு ஒன்றில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறதாம். வீடு எங்கே பார்ப்பது, சம்பளம் போதுமா, தமிழை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா, வேலை எப்படி இருக்கும், தனியாக இருக்கும் அம்மாவைக் கூட்டி வரலாமா?

வேலையைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. மற்றதைச் சீக்கிரம் முடிக்கிறேன். வீட்டுக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பாருங்கள். ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், சிலர் ஒரு வருடத்துக்கே கேட்பார்கள், பேசினால் இறங்குவார்கள். சம்பளம் எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. உள்ளூர் ரூபாயில் ஒப்பந்தம் போட்டுவிட்டு ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் பட்டபாட்டை நேரில் பார்த்தவன் நான். விசாவை உங்கள் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

தமிழ், வெள்ளவத்தை வழியாகப் போகும் காலி வீதியில் போதும், பத்தரமுல்லையில் போதாது. புள்ளிவிவரத் திணைக்களமும் பல அமைச்சுகளும் அந்தப் பக்கம்தான். 177 பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கத் தொடங்கி, இன்று சிங்களத்தில் ஒரு கூட்டத்தையே நடத்துகிற அளவுக்கு வந்திருக்கிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இங்கே பல வருடமாக இருந்தும் ஒரு வார்த்தை சிங்களம் படிக்காத நம்மூர்க்காரர்கள் இருக்கிறார்கள். கொள்ளுப்பிட்டியில் குளிரூட்டிய தொடர்மாடி, மாதம் ஒரு தடவை சென்னை விமானம், சனிக்கிழமை கூடினால் இட்லி சரியில்லை என்ற ஒரே புலம்பல். அவர்களோடு சேராதீர்கள். இந்த வேலையை மெல்பர்னுக்குப் போகும் வழியில் ஒரு தங்குமடமாக நினைத்து வரும் இளம் புள்ளியியலாளர்களைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை நேரில் சொல்கிறேன்.

இனி வேலை. இந்தியாவில் மும்பை மக்கள்தொகை நிறுவனத்தின் முதுமை நெடுங்கால ஆய்வுத் தரவை வைத்துப் பழகியிருப்பீர்கள். 2017-18இல் 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அவர்களுடைய வாழ்க்கைத் துணைகள் என்று 72,000 பேர். அங்கே ஆளெண்ணிக்கை தாராளம். இங்கும் 2018-19இல் தேசிய அளவில் சுகாதார, முதுமை ஆய்வு நடந்தது. மாதிரி, அதாவது ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஆட்கள், அதைவிட மிகச் சிறியது. சின்ன மாதிரியில் ஆள் காணாமல் போனால் பெரிதாகத் தெரியும். யார் காணாமல் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று பார்ப்பதிலேயே உங்கள் மூன்று வருடத்தில் பாதி கழியும்.

கொழும்பில் ஆட்கள் முதலில் தொலைவது தொடர்மாடியின் வாசலில். மட்டக்குளிப் பக்கம் நெருக்கமான குடியிருப்புகளில் கதவு திறந்தே கிடக்கும், கேள்வி கேட்கப் போன பிள்ளைக்கு முதலில் தேத்தண்ணி வரும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் காவலாளி மேலே விடமாட்டார். விட்டாலும் கதவிடுக்கு வழியாக ஓர் அம்மா, "மகள் லண்டனில, தம்பி. அவவிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்பார். மகள் வேண்டாம் என்பாள், மோசடி பயம். ஆக, வசதியான முதியவர்கள் மாதிரியிலிருந்து கழன்றுகொள்கிறார்கள். வயது, பால், மாவட்டம் என்று பார்த்து, குறைவாக வந்த வகையினருக்குக் கணக்கில் கூடுதல் எடை போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். அந்த மூன்றிலும் காவலாளி இல்லையே.

அதே ஆட்களிடம் இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது கூத்து இன்னும் கூடும். போன தடவை பேட்டி கொடுத்தவர் வீட்டில் இல்லை. செத்துப்போயிருக்கலாம், படுக்கையில் விழுந்து மகன் வீட்டுக்குப் போயிருக்கலாம், கனடாவில் பேரப்பிள்ளை பார்க்க சூப்பர் விசாவில் பறந்திருக்கலாம். பாடப்புத்தகத்தில் விடுபடுகிறவர் பெரும்பாலும் நோயாளி. இங்கே நோயாளியும் விடுபடுவார், மாதிரியிலேயே நல்ல தேகபலம் உள்ளவரும் விடுபடுவார், ஏனென்றால் மூட்டு நன்றாக இருப்பவர்தான் அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து டொரொண்டோ போவார். இரு முனையும் போய் நடுவில் மிச்சமிருப்பவர்களை வைத்து 'முதுமையில் நலம் மெதுவாகத்தான் குறைகிறது' என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். எல்லாரையும் 'தொடர்பில் இல்லை' என்று ஒரே எண்ணில் போட்டு மூடிய ஒரு தரவுக் கோப்பு என் கைக்கு வந்தது. யாருடையது என்று சொல்லமாட்டேன். அதைப் பிரித்தெடுக்கக் கிராம சேவகர்களுக்குத் தொலைபேசி எடுத்தே என் ஒரு மழைக்காலம் போனது. நீங்கள் சேர்ந்தவுடன் களப் படிவத்தில் இறப்பு, இடமாற்றம், வெளிநாடு, மறுப்பு என்று தனித்தனி எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சண்டை போடுங்கள்.

ஆள் காணாமல் போவதை நான் முதலில் பார்த்தது கோப்பில் அல்ல. நான் வந்தது போர் நடந்துகொண்டிருந்த 2007இல். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி, வாய் திறந்தால் தமிழ் என்று தெரிந்துவிடும். வீடு தர ஆளில்லாமல் லாட்ஜில் கிடந்தேன். அந்த ஜூன் மாதம் கொழும்பு லாட்ஜ்களில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர்களை நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் (நம்மூரில் உச்ச நீதிமன்றம் என்போம்) தடை போட்ட பிறகுதான் அது நின்றது. என்னைக் காப்பாற்றியது இந்தியக் கடவுச்சீட்டு. பக்கத்து அறையில் கண் சத்திரசிகிச்சைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். விடிந்து பார்த்தால் அவருடைய குடை மட்டும் இருந்தது. சிகிச்சை நடந்ததா, திரும்பி வந்தாரா, தெரியாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1981க்குப் பிறகு முழுத் தீவையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. போரால் 1991இல் இல்லை, 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும்தான் முழுமை. அறுபது தாண்டியவர்கள் 1981இல் 6.6 சதவீதம், 2012இல் 12.4 சதவீதம் என்று எல்லாரும் ஒரு கோடு இழுப்பார்கள். நீங்களும் இழுப்பீர்கள். வடக்குக்கு மட்டும் அப்படி இழுக்க வேண்டாம். அங்கே கிழவர் கூடியதால் விகிதம் ஏறியதா, இளையவர் செத்தும் நாடு விட்டும் போனதால் ஏறியதா என்று பிரிக்காமல் எழுதினால் யாராவது உங்களைக் கேள்வி கேட்பார்கள். அநேகமாக நான்தான் கேட்பேன். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், இது இனி தெற்குக்கும் வரப்போகிற கணக்கு.

வயதைப் பதிவதிலும் ஒரு விஷயம். இங்கே பிறப்புப் பதிவு 1897இலிருந்தே கட்டாயம், எழுத்தறிவும் அதிகம், அதனால் நம்மூர் போல எல்லாரும் 60, 65, 70 என்று உருட்டிச் சொல்வது குறைவு. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு, ஆகவே மார்ச் முதல் தேதி எந்த வருடத்திலும் 61. கணினியிடம் அப்படியே கொடுத்தால் சாதாரண வருடத்தில் மார்ச் 2 என்று சொல்லும், மரணப் பதிவோடு பொருத்தும்போது ஆயிரக்கணக்கில் பொருந்தாமல் போகும். போரிலோ இடப்பெயர்விலோ பத்திரம் தொலைத்தவர்களிடமும், பிறப்பே பதியாதவர்களிடமும் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கலாம். பெயரிலேயே உத்தேசம். நடுவயதுக்கு மேல் மரண அபாயம் ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பது கொம்பெர்ட்ஸ் என்ற கணிதவியலாளர் வழி வந்த கணக்கு. வயது ஐந்து வருடம் பிசகினால் அபாயம் ஒன்றரை மடங்கு பிசகும்.

கருவிகளையும் அப்படியே நம்பாதீர்கள். முதியவர் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வாரா என்று அளக்க லோட்டனும் பிரோடியும் 1969இல் போட்ட பட்டியலில் சமைக்க முடியுமா, துணி துவைக்க முடியுமா என்று கேள்வி வரும். கொழும்பு ஏழில் ஒரு ஓய்வுபெற்ற வழக்கறிஞர், கல் மாதிரி உடம்பு, சமைக்கத் தெரியாது என்றார். கணினி அவரை இயலாதவர் பட்டியலில் சேர்த்துவிட்டது. எழுதியவர்களே ஆண்களுக்கு அந்தக் கேள்விகளை விட்டுவிடலாம் என்று வைத்திருந்தார்கள், நம் ஆட்கள் அதைப் படிப்பதில்லை. நான்கு மீட்டர் நடக்கவைத்து நேரம் எடுப்பது இன்னொன்று. மலையகத்து லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அறையே பத்துக்குப் பன்னிரண்டு அடி. நான்கு மீட்டர் என்றால் பதின்மூன்று அடி. வெளியே நடக்கவைத்தால் சரிவு. நாற்பது வருடம் கொழுந்து பறித்த பெண் மெதுவாக நடக்கிறாள் என்று பதிந்து வந்தார்கள். அது அவள் முழங்காலா, மலையின் சரிவா? நானே போய் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) குந்தியிருந்து பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. பேட்டி எடுக்கும் பெண்களுக்கு அது முன்பே தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கையொப்பம் போடுமுன், முதல் சில வாரம் களக் குழுவோடு போக அனுமதி கேளுங்கள். 'புள்ளியியலாளருக்கு அங்கே என்ன வேலை' என்று பதில் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், வேறு இரண்டு இடம் எனக்குத் தெரியும்.

அம்மாவைக் கூட்டி வாருங்கள். வெள்ளவத்தையில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்கள் நிறைய. கோயிலுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போனால் உங்கள் அம்மாவுக்கு உங்களை விட ஆள் பழக்கம் கூடிவிடும். வீட்டை மட்டும் தரைத்தளத்தில் அல்லது முதல் மாடியில் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. லிஃப்ட் ஓடாமல் ஆறாம் மாடியில் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தரகர் கடற்காற்று, கடற்காட்சி என்று மேல்மாடிக்குத்தான் இழுப்பார். மசியாதீர்கள்.