வயல்ல விழுகிற சின்னக் குருவி மலையில இருந்து இறங்கி வந்ததா?

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்தில இருந்து தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். பெரும்போகக் கதிர் பால் பிடிக்கிற நேரம் பாத்து வயலுக்குள்ள சின்னக் குருவிகள் கூட்டங்கூட்டமா வந்து விழுகுதாம், பண்டாரவளையில சொந்தக்காரர்ர வீட்டுக்குப் போன நேரம் தேயிலைக் கரையில இதே மாதிரி கழுத்துக் கறுத்த குருவிகளக் கண்டவராம், அப்ப இதுகள் மலையில இருந்துதான் இறங்கி வருதா, வலை கட்டினா நிக்குமா எண்டு கேள்வி.

இல்ல தம்பி, நீங்க பண்டாரவளையில கண்டது வேற, வயல்ல விழுகிறது வேற. ரெண்டும் ஒரே குடும்பம்தான், அதே குட்டைத் தடிச் சொண்டு, அதே மாதிரி கூட்டமா எழும்பிக் கூட்டமா விழுறது, அதால குழம்பினது ஞாயம்தான். இலங்கையில இந்த முனியாக் குடும்பத்தில அஞ்சு இனம் இருக்கு, அதில மலைக்கெண்டே இருக்கிறது ஒண்டே ஒண்டு, கறுப்புத் தொண்டை முனியா. சிங்கள ஆக்கள் கந்து வீ குருல்லா எண்டு சொல்லுவாங்க.

விஞ்ஞானப் பேர் லொஞ்சுரா கெலார்ட்டி. 1863ல ஜெர்டன் எண்ட பறவை ஆராய்ச்சியாளர் வைச்ச பேர், கெலார்ட் எண்ட டொக்டர நினைச்சு வைச்சது. கெலார்ட் 1819ல இலங்கையிலயே பிறந்தவர், ஆமி டொக்டரா இருந்துகொண்டே இங்கத்த பறவை, மிருகம், கடல் உயிர் எல்லாத்தையும் தேடித்தேடி எழுதி வைச்சவர், 1860ல இங்கிலாந்துக்குப் போற வழியில கப்பல்லயே செத்துப்போனார். இந்தக் குருவி எங்கட நாட்டுக்கு மட்டும் சொந்தமெண்டும் இல்ல, நீலகிரிப் பக்கத்து மலையிலயும் இருக்கு, ஆனா அங்கத்ததுக்கு வயிறு ஒரே நிறமா இளஞ்சிவப்புக் கலந்த மண்ணிறம், எங்கடதுக்கு வயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமா புள்ளி கலங்கிக் கிடக்கும்.

இது வலசை போற குருவி இல்ல. மலைநாடும் அத ஒட்டின ஈரவலயத்து அடிவாரமும்தான் அதுட இடம். பத்தனைப் புல்லுவெளி, தேயிலைக் கரை, வீட்டுத் தோட்டம், படிப்படியா வெட்டின மலை வயல், இதுக்குள்ளேயே அதுட சீவியம் முடிஞ்சிரும். ஏன் கீழ வாறல்ல எண்டு கேட்டா, அதுட தீனியப் பாக்கோணும். விதை தின்னுற குருவிகள் கனக்க குஞ்சு பொரிச்ச உடன புழு பூச்சி தேடி ஓடும், குஞ்சு வளர அதுதான் சத்து. முனியாக் கூட்டம் அப்படி இல்ல, குஞ்சுக்கும் பெரும்பாலும் விதையத்தான் குடுக்கும், அதுவும் காய்ஞ்சு இறுகின விதை இல்ல, பாதி முத்தின பச்சை விதை. தாயும் தகப்பனும் அத இரைப்பையில ஊறவைச்சு வந்து கக்கி ஊட்டும். அப்ப புல்லு பச்சை விதை பிடிக்கிற இடத்திலதான் கூடு கட்டேலும். மலையில ரெண்டு பருவக்காத்துக்கும் மழை விழுகிறதால எங்கயாவது ஒரு மூலையில புல்லு விதை வைச்சுக்கொண்டே இருக்கும், பிறகு என்னத்துக்கு அது செங்கலடி ரோட்டால இறங்கி எங்கட வெக்கைக்குள்ள வரப்போகுது?

இப்ப உங்கட வயலுக்கு வருவம். பால் கதிரும் அந்தப் பாதி முத்தின புல்விதையும் குருவிக்கு ஒண்டுதான். சொண்டால நசிச்சா பால் வரும், கோது கழண்டிரும், குஞ்சுக்கும் ஏத்த சாப்பாடு. அதாலதான் நெல்லு பச்சையா நிக்கிற வரைக்கும் காணாத குருவி, பால் ஏறின உடன சொல்லிவைச்ச மாதிரி வந்து நிக்குது. எங்க இருந்து வந்தது எண்டா, பெரும்பாலும் உங்கட வரப்புல இருந்தும் குளத்துக் கோரைக்குள்ள இருந்தும்தான்.

எது எண்டு பிடிக்க முன்பக்கத்துக்கு முதல் முதுகப் பாருங்க, போன்ல ஒரு பொட்டோ எடுத்துப் பெருப்பிச்சுப் பாத்தாலே காணும். பறக்கக்க வால் அடியில பளிச்செண்டு வெள்ளை தெரிஞ்சா வெள்ளை முதுகு முனியா, அதுக்கும் தொண்டை கறுப்புத்தான், உங்களக் குழப்பினது அதுவாத்தான் இருக்கோணும். மலைக்குருவிக்கு அந்த வெள்ளை இராது. தொண்டை செம்மண் நிறம், நெஞ்சில மீன் செதில் போட்ட மாதிரி இருந்தா புள்ளி முனியா, அதுதான் எங்கட வயல் வட்டைகள்ல கூட. தலை முழுக்கக் கறுப்பு, முதுகு செங்கபிலம், நெஞ்சு வெள்ளை எண்டா மூவர்ண முனியா, தண்ணிக்கரைப் புல்லுக்குள்ள கிடக்கிறது. வெளிறின உடம்பும் கறுத்த வாலுமா நிக்கிறது வெள்ளைத் தொண்டை முனியா, தூக்கணாங்குருவி விட்டுட்டுப் போன கூட்டுக்குள்ள குடியிருக்கிறது அதுட பழக்கம். இன்னொண்டு, குஞ்சுப் பருவத்தில எல்லாம் வெறும் மண்ணிறம், அத வைச்சு ஒண்டும் முடிவெடுக்க ஏலாது.

குருவியில பழி போட முதல் கதிரையும் ஒருக்காக் கையில எடுத்துப் பாருங்க. பால் பருவத்தில நெல் மூட்டுப்பூச்சியும் சாறு உறிஞ்சும், அது குத்தின மணியில கோது உடையாது, சின்ன மண்ணிறப் புள்ளி விழும், வயலுக்குள்ள இறங்கினா நாத்தமும் அடிக்கும். குருவி தின்ட மணி நசிஞ்சு பிளந்து கிடக்கும், வெள்ளையாப் பாலும் ஒட்டியிருக்கும். ரெண்டும் கடைசியில பதர்தான், ஆனா மருந்து வேற. பூச்சிக்கு அடிக்கிறத அடிச்சுப்போட்டுக் குருவி போகல்ல எண்டு கோவிக்கிற ஆக்களும் இருக்காங்க.

காவலுக்குக் கனநாள் தேவையில்ல. நெல்லுப் பூத்து ஒரு கிழமையால பால் ஏறும், மறுகா பத்து நாளுக்குள்ள மாவாகி இறுகத் தொடங்கும், அந்த இடைவெளிதான் மோசம். வெள்ளணவும் பொழுதுபடுற நேரமும்தான் குருவி கூடத் தின்னும், நடு வெயில்ல பத்தைக்குள்ள ஒதுங்கிரும், அதால நாள் முழுக்கப் பரண்ல காயத் தேவையில்ல. மினுங்கல் ரிபன் கட்டலாம், ஆனா முதல் நாளே கட்டிப்போடாதீங்க, கொஞ்ச நாள்ல பழகிரும், பால் ஏறின பிறகு கட்டி இடத்த மாத்திக்கொண்டே இருக்கோணும். வரப்புப் புல்ல விதை வைக்க முதல் வெட்டிருங்க, இந்தப் பாரமில்லாக் குருவி, 12, 15 கிராம்தான் வரும், முதல் அந்தப் புல்லிலதான் தொங்கிப் பழகும். எல்லாத்த விடவும் பெரிய விசயம் பக்கத்து வயலோட ஒண்டா விதைக்கிறது. வட்டை முழுக்க ஒரே நேரம் கதிர் வந்தா கூட்டம் பிரிஞ்சு போகும், உங்கட வயல் மட்டும் முந்தியோ பிந்தியோ பால் பிடிச்சா முழுக் கூட்டமும் உங்களிலதான்.

வலையப் பத்தி கேட்டீங்க. மீன் வலைய வயலுக்கு மேல விரிக்கிறது எனக்குப் பிடிக்காது, குருவி மட்டுமில்ல, ராவுல எலி பிடிக்க வாற ஆந்தையும் அதில மாட்டும், ஆந்தை செத்தா எலிக்குத்தான் வாசி. நாத்துமேடை மாதிரிச் சின்ன இடமெண்டா சின்னக் கண் வலைய இறுக்கி, தொய்யாமக் கட்டுங்க, காலையில ஒருக்கா பின்னேரம் ஒருக்கா போய்ப் பாருங்க. ஏக்கர் கணக்கில நிக்கிற வயலுக்கு ரிபனும் ரெண்டு நேரக் காவலும் போதும்.