பல் இம்பிளான்ட் ஸ்க்ரூ சொரசொரப்பாக இருந்தால் மட்டமா?

கோத்தகிரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் வைக்கணும். டாக்டர் காட்டிய ஸ்க்ரூ மங்கலா, சொரசொரன்னு இருந்தது. மட்டமான சரக்கா? அப்பாவுக்கு சுகர் வேற. கோயம்புத்தூருக்கு எத்தனை தடவை இறங்கி ஏறுறது?"

மட்டமே இல்லை. இம்பிளான்ட் என்பது பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ. அதன் மேல் துகள்களைப் பீய்ச்சியடித்து, அப்புறம் அமிலத்தில் அரித்து, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மேடுபள்ளம் ஒன்றிரண்டு மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

ஸ்க்ரூ உள்ளே போனதும் அதைச் சுற்றி ரத்தம் உறைகிறது, அந்த உறைவுக்குள் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் (எலும்புச் செல்லாகவோ கொழுப்புச் செல்லாகவோ மாறக்கூடியவை) தாமாகவே வந்து சேர்கின்றன, யாரும் ஊசியில் ஏற்றுவதில்லை. வந்த செல் பரப்பைத் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிடி எங்கெங்கே கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அதற்குள் இருக்கும் இழைகள் இறுகும் அல்லது தளரும், அந்த இழுவிசை உட்கரு வரை போய் எந்த ஜீன் வேலை செய்யவேண்டும் என்பதையே மாற்றிவிடும். நன்றாக விரிந்து இறுகிய செல் எலும்பாகும் பக்கம் சாய்கிறது, உருண்டு தளர்ந்தது கொழுப்புப் பக்கம்.

2007இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஒரு பிளாஸ்டிக் பரப்பில் 120 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்) அகலக் குழிகளை 300 நானோமீட்டர் இடைவெளியில் அமைத்து, மேலே ஸ்டெம் செல்களை விட்டார்கள். கச்சிதமான வரிசையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு குழியையும் 50 நானோமீட்டர் வரை அங்குமிங்கும் நகர்த்தியதும், எந்த மருந்தும் சேர்க்காமலே செல்கள் எலும்புத் தாதுவை உண்டாக்கின! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பிரமிப்புத்தான். ஆனால் அது ஆய்வகத் தட்டில் நடந்தது, வாய்க்குள் அல்ல.

அதற்காகச் சொரசொரப்பு கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். ஈறு இறங்கி அந்தப் பரப்பு வெளியே தெரிந்தால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்வதும் கஷ்டம். ஈறைத் தொடும் கழுத்துப் பகுதி வழவழப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய வழவழ ஸ்க்ரூ எலும்போடு பிடித்து, மேலே பல் மாட்டக் கீழ்த்தாடையில் மூன்று மாதமாவது காத்திருந்தார்கள். சொரசொர ஸ்க்ரூவுக்கு, எலும்பு நன்றாக இருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் போதும். அப்பாவின் மூன்று மாதச் சராசரி சுகர் அளவை இப்போதே பார்த்துவிடுங்கள், அது கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்தப் பரப்பும் பெரிதாக உதவாது. பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தட்டும். தையல் பிரிப்பதையும் எக்ஸ்ரேயையும் குன்னூரிலோ ஊட்டியிலோ முடித்துக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.