மினி ஸ்ட்ரோக்குக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி. வயது 51. ஏழு வாரத்துக்கு முன்னால் காலையில் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தபோது வலது கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டாளி என்னவென்று கேட்டார், பதில் குழறியது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மினி ஸ்ட்ரோக் என்றார்கள். மூன்று நாள் வார்டில் வைத்திருந்து, ஒரு பை மருந்தோடு அனுப்பினார்கள். இனிப்பு நீரும் பிரெஷரும் எனக்கு முன்பே உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை.

இப்போது உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் பழைய ஆள் இல்லை. இரவில் விழித்துக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் அசதி தாங்க முடியவில்லை. ஆலையில் "உனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்கிறார்கள். வீட்டிலோ நான் நோயாளி. எனக்கு மட்டும் உப்பில்லாத தனிச் சோறு. குளிக்கப் போனால் மனைவி கதவுக்கு வெளியே நிற்கிறாள். நேற்று அவளிடம் கத்திவிட்டேன்.

மருந்தை எப்போது நிறுத்தலாம்? பூண்டுச் சாறு குடித்தால் போதும் என்கிறார் ஒருவர். வார்டில் கிடந்தபோது தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். எடுக்கலாமா? உங்கள் வீட்டுக்காரருக்கும் இப்படி வந்ததென்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். இதை மனைவிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் கூட்டாளியின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சரியாகிவிட்ட ஒருவரை, அவர் வேண்டாம் என்று சொல்லியும், ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிற மனிதர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என் அப்பாவுக்கு வாய்க்கவில்லை.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1971இல் ஒரு நாள் காலை, நிரையில் பாதி மரம்கூட முடியவில்லை, கையிலிருந்து கத்தி விழுந்துவிட்டது. அம்மா பக்கத்து நிரையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததாம். பால் நிறுக்கிற நேரத்துக்குள் சரியாகிவிட்டது. அன்றைக்குப் பால் வாளியை அவரேதான் தூக்கிக்கொண்டு நடந்தார். காற்று பட்டிருக்கும் என்றார்கள். தோட்டத்து மருந்தகத்து டிரசர் தேய்த்துவிடத் தைலம் கொடுத்தார். எட்டாம் நாள் லயத்து வாசலில் விழுந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அப்போது பதினோரு வயது.

டிரசர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான். நாம் பக்கவாதம் என்கிறோம், அதில் வாதம் என்றால் காற்று. மலாய்க்காரர்கள் ஆங்கின் அஹ்மார் என்கிறார்கள், சிவப்புக் காற்று. இரண்டு மொழியிலும் அது எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டுப் போகிற காற்று. ஆனால் உங்களுக்கு வந்தது காற்று இல்லை தம்பி. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு ரத்தக் கட்டி வந்து அடைத்தது. உங்கள் நல்ல நேரம், மூளை செத்துப் போவதற்குள் அது கரைந்தோ நகர்ந்தோ வழி விட்டது. பெரிய ஸ்ட்ரோக்கில் அந்த அடைப்பு விலகுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டி உண்டாகக் காரணமாக இருந்த பிரெஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் மினி ஸ்ட்ரோக் வந்த முதல் இரண்டு நாள் மிக ஆபத்தானது என்கிறார்கள், முதல் மூன்று மாதம் கவனம் தேவை என்கிறார்கள். நீங்கள் ஏழு வாரம் தாண்டிவிட்டீர்கள். அதிக ஆபத்தான நாட்கள் பின்னால் போய்விட்டன. இரவில் விழித்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆறு வருடமாக வீட்டுக்காரரோடு கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கக் கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். உங்கள் மருந்துப் பையை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டீர்கள். நீங்களாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது. கட்டி உண்டாகாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் சேர்த்து முதல் மூன்று வாரம் போலக் கொடுப்பார்கள், பிறகு ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடரச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இங்கேதான் குழப்பம் வந்தது. டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்துவிட்டார் என்றதும், "பார்த்தியா, குணமாயிடுச்சு" என்று மற்றதையும் ஓரங்கட்டப் பார்த்தார் வீட்டுக்காரர். அந்த ஒன்று, கொழுப்புக்கான ஸ்டாட்டின், பிரெஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இவையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டியவை. நன்றாக இருப்பதே இவற்றால்தான். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால், கட்டுப்படாத பிரெஷரும் சர்க்கரையும்தான் கிட்னியைக் கெடுக்கின்றன என்று சொல்லுங்கள்.

பூண்டு ரசத்திலும் குழம்பிலும் இருக்கட்டும். ஆனால் சாறாகப் பிழிந்தோ மாத்திரையாகவோ அதிகமாக எடுத்தால், ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மருந்தோடு சேர்ந்து ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் அதைவிட மோசம், வயிற்றில் புண்ணாக்கும், பிரெஷரையும் ஏற்றும். மலம் கறுப்பாகப் போனால் உடனே போய்க் காட்டுங்கள். இன்னொன்று, ஈப்போ உறவுக்காரர்கள் வந்தால் தம்புன் பம்ளிமாஸ் கொண்டுவருவார்கள் இல்லையா? சில கொழுப்பு மாத்திரைகள், முக்கியமாக சிம்வஸ்டாட்டின், கிரேப்ஃப்ரூட்டோடு ஒத்துப்போகாது. கிரேப்ஃப்ரூட் பம்ளிமாஸின் பிள்ளை. அதனால் அடுத்த முறை மருந்து வாங்கும்போது கவுண்டரில் இதை மறக்காமல் கேளுங்கள்.

இனி உங்கள் மனைவி.

தம்பி, அந்தக் கதவுக்கு வெளியே நானும் நின்றிருக்கிறேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறேன். ஒரு கிண்ணத்துக்கும் அடுத்த கிண்ணத்துக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரவில் அவர் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். நீங்கள் விரல்களை மடக்கிப் பார்க்கும் அதே நேரத்தில் உங்கள் மனைவியும் விழித்துக்கொண்டுதான் இருப்பார். ஒரே பாயில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரரும் கத்தினார். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, சமையலறைக்குப் போய் அழுதேன். மறுநாள் உட்கார்ந்து பேசினோம். அவர் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடுவதில்லை, குளிக்கும்போது பாடுவார் என்று முடிவானது. பாட்டு கேட்கிறவரை நான் என் வேலையைப் பார்க்கலாம். அவருக்குச் சுருதி நிற்காது, இருந்தாலும் அந்தப் பாட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்று சொல்ல முடியாது. நான்கைந்து மாதத்தில், அவர் பாடாமல் குளித்த ஒரு நாள், நான் அதைக் கவனிக்கவே இல்லை. பயம் அப்படித்தான் போனது.

மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியாததால்தான் அவர் நின்றுகொண்டே இருக்கிறார். தெரிந்துவிட்டால் உட்காருவார். அதனால் இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். முகம், கை, பேச்சு. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இறங்குகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று தாழ்ந்து போகிறதா, ஒரு வாக்கியம் சொன்னால் குழறுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 999க்குக் கூப்பிட வேண்டும். திடீரென்று ஒரு கண் பார்வை மங்கினாலும் அப்படித்தான். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் என்பதையும் கணக்கில் வையுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, விழுங்க முடியாமல் புரையேறும். ஊசியால் விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது, அதை நம்பி ஐந்து நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். அப்பாவுக்கும் சரியாகத்தான் ஆனது.

அந்தத் தனிச் சோற்றைப் பற்றிச் சொல்கிறேன். அதை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் கருவாட்டுக் குழம்பு சாப்பிடும்போது ஒருவர் மட்டும் பத்தியத் தட்டோடு உட்கார்ந்தால், இரண்டு மாதம் தாங்கும், மூன்றாவது மாதம் அவர் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வருவார். என் வீட்டில் நடந்தது அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது, ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. அது உங்களுக்கு மட்டும் சொன்னதில்லை, பெரியவர்கள் எல்லோருக்கும்தான். ஒரே பானை, உப்பு எல்லோருக்கும் குறைவு. ஒரே நாளில் இல்லாமல் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். புளி, மிளகு, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் கை கொடுக்கும். உப்பு நம் வீட்டில் உப்பு டப்பாவில் மட்டும் இல்லை. கருவாடு, இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாடு, கிச்சாப் என்கிற சோயா சாஸ், மேகிப் பொட்டலம், ஊறுகாய், அப்பளம், எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் முதலில் மறைத்தது கிச்சாப் போத்தலைத்தான். பிரெஷருக்கு நல்லதென்று விற்கும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் இருக்கும், கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரெஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆகாது. கேட்காமல் வாங்காதீர்கள்.

காலையில் அந்தக் கடைக்குப் போவதை விடாதீர்கள். கூட்டாளியோடு உட்காருங்கள். தே தாரிக்குக்குப் பதிலாக, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங், தினமும் ரொட்டி சானாய் என்பது வாரத்தில் ஒரு நாள். ஆட்களை விட்டு விலகுவதுதான் உங்களை அதிகம் வாட்டும்.

சிகரெட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, பிடிக்கிறவராக இருந்தால் ஒன்றுகூட வேண்டாம், வேப்பும் வேண்டாம். நிறுத்த உதவி கிளினிக்கிலேயே உண்டு. நடையை டாக்டரிடம் கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்குங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால். மோட்டார் சைக்கிளை டாக்டர் சரி என்று சொல்லும்வரை எடுக்காதீர்கள், பிரிட்டனில் ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. வீட்டில் பிரெஷர் மெஷின் ஒன்று வாங்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளந்து, ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை கொண்டுபோங்கள். பலருக்கு 130க்கு 80க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள், உங்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

அசதி நீங்கள் கற்பனை செய்வதில்லை. மினி ஸ்ட்ரோக் வந்த பலருக்கு அடையாளம் எதுவும் இல்லாமல் அசதியும், கவனம் சிதறுவதும், காரணமில்லாத அழுகையும் கோபமும் கொஞ்ச காலம் இருக்கின்றன. வெளியே காட்டக் கட்டுப் போட்ட கை இல்லை, அதனால் ஆலையில் யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வைக்கப் பார்த்துக் களைத்துப் போகாதீர்கள். மேலாளரிடம் மட்டும் டாக்டர் கடிதத்தைக் காட்டி, இரவு ஷிப்டு இருந்தால் அதைக் கொஞ்ச நாளைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆனால் தூக்கமில்லாமை இப்படியே போனால், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அதையும் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். விரல் மரத்துப் போவதைச் சொல்ல வெட்கப்படுவீர்களா? இதுவும் அதே மூளையின் வேலைதான்.

காவடி. ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்கு நானும் சின்ன வயதிலிருந்து பால்குடம் எடுத்திருக்கிறேன், வேண்டுதலை இலேசாக நினைக்கிறவள் இல்லை. ஆனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும்போது அலகு குத்தினால் ரத்தம் எளிதில் நிற்காது. அலகுக்காக மாத்திரையை நிறுத்தினால் அது இன்னும் பெரிய ஆபத்து. சர்க்கரை மாத்திரையோடு பல நாள் விரதமும் அப்படித்தான், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுங்கள், வீட்டம்மாவும் பக்கத்தில் நடக்கட்டும். எதற்கும் போவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள். முருகன் உங்களிடம் கணக்குப் பார்க்கமாட்டான் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் அறைக்கு உள்ளேயே கூட்டிப் போங்கள், பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம். அவருக்குக் கேட்க நிறைய இருக்கும். அதற்கு முன்னால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள், நீங்கள் எழுதிய கடிதத்தையும் சேர்த்து. அவர் எனக்கு எழுத நினைத்தால் எழுதட்டும், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பதில் எழுதுவேன்.

அன்புடன்,
அக்கா