விடும் மூச்சில் இருக்கிறது விஷயம்

(அன்றாட மன இறுக்கம், தளர்வுப் பயிற்சி, தியானம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.)

கேள்வி: தியானத்துக்கு உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. எனக்கு இது சரிப்பட்டு வராதோ?

ஓடட்டும். ஓடியதைக் கண்டுகொண்டீர்கள் அல்லவா, அந்த இடத்தில்தான் பயிற்சி ஆரம்பிக்கிறது. மனம் நகர்வது, நகர்ந்ததைக் கவனிப்பது, திரும்பக் கூட்டி வருவது: இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு சுற்று. பத்து நிமிடத்தில் முப்பது முறை ஓடியிருந்தால் முப்பது சுற்று பழகியிருக்கிறீர்கள் என்று கணக்கு.

பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால் மூச்சை எண்ணுங்கள். இழுக்கும்போது எண்ண வேண்டாம். விடும்போது மட்டும் மனதுக்குள் ‘ஒன்று’, அடுத்ததற்கு ‘இரண்டு’, இப்படிப் பத்து வரை. பிறகு மீண்டும் ஒன்று. நடுவில் எண் தொலைந்துபோனாலும் ஒன்றுக்கு வாருங்கள். நினைவில்லாமல் பதினேழு, பதினெட்டு என்று போயிருந்தாலும் ஒன்றுதான். ‘ஐயோ, மறுபடியுமா’ என்று தன்னையே கடிந்துகொள்வதுதான் பலர் சறுக்கும் இடம். அந்தக் கடிதலே புதிய இறுக்கமாகிவிடும்.

1970களில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன், தியானம் செய்பவர்களின் உடலில் நடக்கும் மாற்றங்களை அளந்து பார்த்தார். அவர்களுடைய மூச்சின் வேகமும் ஆக்சிஜன் செலவும் குறைந்தன. அதற்கு அவசியம் என்று அவர் கண்டவை இரண்டு: திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு சொல்லோ ஒலியோ, குறுக்கே வரும் எண்ணங்களைப் பொருட்படுத்தாத மனப்போக்கு. மனம் காலியாக வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: ஆழமாக மூச்சு இழுத்துப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் சுருசுருவென்று இருக்கிறது. ஏன்?

அளவுக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். ‘ஆழமாக’ என்று சொன்னதும் பெரும்பாலோர் நெஞ்சு விரிய, வேகமாக, நிறையக் காற்றை இழுத்துத் தள்ளுகிறார்கள். அப்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கும் கீழே போகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். விரலும் உதடும் சுருசுருப்பதும் அதே காரணத்தால்தான். பதற்றத்தில் இருப்பவர் இதைக் கண்டு இன்னும் பயந்து, இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார்.

சரியான முறை இதைவிடச் சாது. வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். மூக்கு வழியாக வழக்கமான அளவு காற்றை 4 விநாடி இழுங்கள். வயிற்றின் மேலுள்ள கை மெல்ல எழ வேண்டும், தோள் எழக் கூடாது. பிறகு 6 விநாடி விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. இடையில் அடக்கிப் பிடிக்க வேண்டாம். திணறினால் 3 விநாடி இழுத்து 4 விநாடி விடுவதில் தொடங்கி, சில நாள் கழித்து நீட்டிக்கொள்ளலாம். 5 நிமிடம் போதும். தலைசுற்றல் வந்தால் எண்ணுவதை நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள், சீக்கிரமே அடங்கிவிடும். பயிற்சியே செய்யாத நேரத்திலும் இப்படி வருகிறதென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விடும் நேரம் நீளமாக இருக்கச் சொல்வது ஏன்? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகம் எடுக்கும், விடும்போது தணியும். மூளையிலிருந்து வந்து துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் மேல் போடும் கடிவாளம் விடும் மூச்சில்தான் இறுகுகிறது. நம் இஷ்டத்துக்குத் துடிப்பைக் குறைக்க முடியாது. ஆனால் விடும் மூச்சை நீட்டுவது நம் கையில் இருக்கிறது.

கேள்வி: நாள் முழுக்கக் கணினி முன் வேலை. மாலையில் கழுத்தும் தோளும் கட்டைபோல் ஆகிவிடுகின்றன. கண்ணை மூடி உட்காரும் பொறுமை அறவே இல்லை. வேறு வழி உண்டா?

உங்களுக்குத் தியானத்தைவிடத் தசைத் தளர்வுப் பயிற்சிதான் முதலில் பொருந்தும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வடிவமைத்தது. தசையைத் ‘தளர்த்து’ என்று சொன்னால் அதற்குத் தெரியாது. இறுக்கத்தையும் தளர்வையும் அடுத்தடுத்து உணர்ந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். முழுச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.

முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், கண்ணாடி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். ஒவ்வொரு பகுதியையும் 5 முதல் 7 விநாடி இறுக்கி, ஒரே நொடியில் சட்டென்று விட்டுவிட்டு, 20 முதல் 30 விநாடி சும்மா இருக்க வேண்டும். மெதுவாக அவிழ்த்தால் வித்தியாசம் தெரியாது.

கைகளில் தொடங்குங்கள். முஷ்டியை மடக்குங்கள், விடுங்கள். முழங்கையை மடித்து மேற்கையை முறுக்குங்கள், விடுங்கள். அடுத்தது முகம்: புருவத்தை உயர்த்துவது, கண்களை இறுக மூடுவது, பல்லைக் கடிப்பது. பற்களில் வலி இருந்தால் கடிப்பதை விட்டு, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் போதும். பிறகு தோள்களைக் காது வரை தூக்கிப் பிடித்து விடுங்கள். உங்கள் தொல்லை குடியிருக்கும் இடம் இதுதான் என்பதால் இதை மட்டும் இரண்டு முறை செய்யலாம். கழுத்தைப் பின்னால் வளைத்து முறுக்க வேண்டாம், தலையை நாற்காலியிலோ தலையணையிலோ மெல்ல அழுத்தினால் போதும். வயிறு, தொடை, கடைசியில் கெண்டைக்கால். கெண்டைக்காலுக்குப் பாதத்தை முன்னே நீட்டினால் பலருக்குக் குரக்களி பிடித்துக்கொள்ளும். கால்விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள், அதையும் அரை பலத்தில்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது, இறுக்கும்போது மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது. இது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும், ஆகவே இறுக்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவது, முழு பலத்தையும் போடுவது. முக்கால் பலத்துக்கு மேல் எதற்கும் வேண்டாம். கட்டுக்கு அடங்காத ரத்தக்கொதிப்பு, கண்ணழுத்த நோய், சமீபத்திய அறுவை சிகிச்சை, சுளுக்கு உள்ளவர்கள் இறுக்காமல், அந்தந்தப் பகுதியைக் கவனித்துத் தளர விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓரிரு வாரத்தில் பகுதிகளைச் சேர்த்து நான்காக்கலாம்: கைகள், முகமும் கழுத்தும், உடல், கால்கள். அப்போது ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். நன்றாகப் பழகியபின் இறுக்காமலே, தோள் ஏறியிருப்பது தெரிந்தவுடன் இறக்கிவிட வரும். இந்தப் பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: தினமும் நேரமில்லை. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் சேர்த்துச் செய்தால் ஆகாதா?

ஆகாது என்றில்லை, ஆனால் தினம் பத்து நிமிடம் அதைவிட மேல். இது பழக்கத்தில் வரும் திறமை, கூடவே டென்ஷன் இல்லாத நாளில் பழகினால்தான் டென்ஷன் உள்ள நாளில் கைகொடுக்கும். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு ஒட்டிவிடுங்கள்: பல் தேய்த்தவுடன், அல்லது வேலை முடிந்து உடை மாற்றியவுடன். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், தூக்கம்தான் வரும்.

கேள்வி: கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் எனக்குப் படபடப்பு அதிகமாகிறது. மற்றவர்களுக்கு நேர்மாறாக இருக்கிறதே?

நீங்கள் மட்டும் இல்லை. எப்போதும் விழிப்பாகவே இருந்து பழகிய உடலுக்குத் தளர்வு என்பதே காவலை விடுவதாகத் தோன்றும். சிலருக்கு வெளியே சத்தம் அடங்கியதும் உள்ளே நெஞ்சுத் துடிப்பு பெரிதாகக் கேட்கும், அதுவே பயத்தைக் கிளப்பும்.

கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், பார்வை சில அடி தள்ளித் தரையில் இருக்கட்டும். கவனத்தை மூச்சில் வைக்காதீர்கள். பாதம் தரையைத் தொடும் உணர்விலோ, அறையில் கேட்கும் ஒலிகளிலோ வையுங்கள். 2 நிமிடத்தில் தொடங்கலாம். அதுவும் முடியாவிட்டால் நடந்துகொண்டே செய்யுங்கள்: பத்துப் பதினைந்து அடி தூரம் மெல்ல நடந்து, குதிகால் பதிவது, விரல் நுனி எழுவது இரண்டையும் கவனித்துத் திரும்புங்கள். பழைய கொடிய நிகழ்வுகள் கண்முன் வந்து போகின்றன என்றால் தனியாகத் தொடர வேண்டாம், மனநல நிபுணரின் துணையோடு செய்யுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய விஷயம் இது இல்லை.

கேள்வி: ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் தொடங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. தியானத்தால் அழுத்தம் இறங்கினாலும் சிறிதளவே இறங்கும், எல்லோருக்கும் இறங்குவதும் இல்லை. வீட்டில் அளந்து குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், குறைப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

பொதுவாகவே பலனைப் பெரிதுபடுத்திப் பேசும் வழக்கம் இருக்கிறது. 47 ஆய்வுகளை, அதாவது 3,515 பேரின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, தியானத்தால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதற்கு நடுத்தர அளவிலான சான்று இருப்பதாகச் சொன்னது. மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. நடைப்பயிற்சி செய்பவர் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டாம், கூடவே செய்யலாம்.

கேள்வி: படுக்கையில் செய்தால் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். தவறா?

தூங்குவதற்காகச் செய்தால் நல்லதுதானே! தியானம் பழகுவதற்காக என்றால் உட்கார்ந்து, காலையில் செய்யுங்கள்.

கேள்வி: சப்பணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது.

நரம்பு அழுந்துவதால் வருவது. இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி, மடித்த போர்வையை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் மரத்தால் நாற்காலி. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான். எழும்போது காலில் உணர்ச்சி திரும்பும்வரை காத்திருங்கள், மரத்த காலோடு எழுந்து விழுந்தவர்கள் உண்டு.

கேள்வி: எதிரில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் எப்படி உதவும்?

கண்ணை மூடவோ எண்ணவோ அப்போது முடியாதுதான். செய்யக்கூடியது இது: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருந்தால் பிரியுங்கள், தோளை இறக்குங்கள், ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், அதன்பிறகு பதில் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாது. கத்தல் தொடர்ந்தால் இன்னொரு மூச்சு.